யொஷிசாவா அயாமே: தொடக்கக் காலக் கபுகி மேடையில் ஒரு பெண்வேட நடிகரின் கலைவாழ்வு

ஜப்பானியக் கபுகி நாடகத்தில் பெண் பாத்திரங்களை ஏற்று நடிக்கும் ஆடவரை ஒன்னாகாத்தா என்பர். அம்மரபின் முன்னோடிகளுள் முதன்மையாக வைத்து எண்ணப்படுபவர் முதலாம் யொஷிசாவா அயாமே (1673-1729). பெண்வேட நடிகர் மேடையில் மட்டுமன்றி அன்றாட வாழ்விலும் பெண்ணாகவே ஒழுகுதல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை என நாடக வரலாற்று நூல்கள் தவறாமல் குறிப்பிடுகின்றன. அக்கூற்று மட்டும் தனித்து எடுத்தாளப்படும்போது, அது விந்தையானதொரு மனப்போக்காகவோ ஆழ்ந்த மெய்யியலாகவோ தோன்றிவிடுகிறது. நம் கருத்தில் அது முதன்மையாக ஒரு தொழில் ஒழுக்கம். அது எத்தகைய சூழலில் பிறந்தது, அதனைப் பேணியவருக்கு அது என்ன விலை வைத்தது என்பனவற்றை அவருடைய கலைவாழ்வின் வழி நின்று காண்போம்.

கபுகியைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். 1603ஆம் ஆண்டளவில் ஒக்குனி என்னும் ஆடல்மகள் கியோத்தோ நகரில் நிகழ்த்திய ஆட்டங்களே இக்கலையின் ஊற்றுக்கண். பெண்களின் ஆட்டக்குழுக்கள் பரத்தைமைத் தொழிலோடு பிணைந்து, பார்வையாளரிடையே பூசல்களுக்கும் இடமளித்தமையால், 1629இல் தொக்குகாவா அரசு பெண்களை மேடையினின்று விலக்கியது. அவர்கள் இடத்தை நிரப்பிய இளஞ்சிறார்களின் கபுகியும் அதே காரணங்களுக்காக 1652இல் தடைக்கு உள்ளானது. மறு ஆண்டில் அரங்குகள் மீண்டும் திறக்கப்பட்டபோது இரண்டு நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. நடிகர்கள் இளமையழகின் அடையாளமாகிய முன்நெற்றி முடியை மழித்துக்கொள்ள வேண்டும். வெறும் ஆட்டமாக இல்லாமல், கதையும் உரையாடலும் கொண்ட நாடகங்களையே நடிக்க வேண்டும். பெண்வேடம் ஏற்றோர் மழித்த நெற்றியை ஊதா நிறத் துணியால் மறைத்துக்கொண்டனர். நாளடைவில் அத்துணியே அவர்களுக்கு ஓர் அழகாக அமைந்துவிட்டது என்பது வேறு செய்தி. முகப்பொலிவை நம்பி நின்ற மேடை இனி நடிப்பை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. அயாமே பிறந்தது இம்மாற்றம் நிகழ்ந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்.

அவர் பிறந்த ஊர் கீ நாட்டில், இன்றைய வக்காயாமா மாவட்டத்தில் உள்ளது. இளமையிலேயே தந்தையை இழந்த அவர், ஒசாகாவின் நாடக வீதியான தோத்தொன்போரிக்கு வந்து, அரங்குகளைச் சார்ந்து வளர்க்கப்பட்ட சிறார்களுள் ஒருவரானார். இச்சிறார்கள் கலை பயின்றதோடு, செல்வர்களை மகிழ்விக்கும் பணியிலும் ஈடுபடுத்தப்பட்டனர். அது கொடிய முறை என்பதில் ஐயமில்லை. அந்நிலையில் அயாமேக்கு ஆதரவளித்தவர் தம்பா பகுதியைச் சேர்ந்த தச்சிபானாயா கொரோசாஎமோன் என்னும் செல்வர். அவர் நோ நாடகக் கலையில் தேர்ந்தவர். தமக்கும் அதனைக் கற்பிக்குமாறு அயாமே வேண்டியபோது அவர் மறுத்துவிட்டாராம். பெண்வேட நடிப்பில் தேர்ச்சி வருமுன்னர் நோவைக் கற்றால், கபுகியிலும் நோவின் சாயலே படியும் என்பது அவர் கருதிய காரணம். கேட்டதைக் கொடுப்பதினும் கொடாமல் நெறிப்படுத்துதல் அரிது என்பதை ஆசிரியப்பணியில் இருப்போர் அறிவர். பிற்காலத்தில் அயாமே நன்றி பாராட்டித் தச்சிபானாயா என்பதையே தம் கலைக்குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டார்.

1698இல் கியோத்தோவில் அரங்கேறிய ‘கெய்செய் அசாமா கா தாக்கே’ என்னும் நாடகத்தில் மியுரா என்னும் கணிகையாக நடித்து அவர் பெரும்புகழ் அடைந்தார். எதோவிலிருந்து வந்திருந்த நக்காமுரா ஷிச்சிசாபுரோ அதில் தலைவனாக நடித்தார். அப்போது அயாமேக்கு வயது இருபத்தைந்து. நடிகர்களைத் தரப்படுத்தும் திறனாய்வு நூல்கள் அக்காலத்தில் ஆண்டுதோறும் அச்சாகி வந்தன. 1699இல் ஹாச்சிமொன்ஜியா பதிப்பகம் வெளியிட்ட நூல் அவற்றுக்கு நிலையான வடிவத்தைத் தந்தது. கியோத்தோ, ஒசாகா, எதோ ஆகிய மூன்று நகரங்களின் நடிகர்களும் அவற்றில் எடைபோடப்பட்டனர். நடிகர்களின் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை, பதினோராம் மாதத்தில் தொடங்கியமையால், அத்தரவரிசை அவர்களின் ஊதியத்தோடும் தொடர்புடையதாக இருந்தது. வழக்கமாக ஆண்வேடத் தலைமை நடிகரே முன்னிறுத்தப்படும் அவ்வரிசையில், 1710களில் பெண்வேட நடிகரான அயாமே மூன்று நகரங்களுக்கும் தலையாயவர் என்னும் மதிப்பை எட்டினார். 1713இல் எதோ சென்று நடித்து மறு ஆண்டு திரும்பினார்.

அவருடைய வலிமை ஆடலில் இல்லை. அவரோடு ஒரே ஆண்டில் பிறந்த மிசுக்கி தத்சுனோசுக்கே உருமாற்ற ஆடல்களால் புகழ்பெற்றவர். அயாமேயோ உரையாடலாலும் இயல்பான மெய்ப்பாட்டாலும் பாத்திரத்தை நிலைநிறுத்தியவர். இவ்வேறுபாடு நாம் பேசவரும் கொள்கைக்கு இன்றியமையாதது. ஆடலில் பயின்ற அசைவுகள் நடிகரைத் தாங்கும். இயல்பு நடிப்பில் அத்தகைய தாங்கல் குறைவு. ஒரு கணம் ஆண்மைச் சாயல் வெளிப்பட்டாலும் பாத்திரம் குலைந்துவிடும்.

அயாமேயின் கருத்துகளை நமக்குத் தருவது ‘அயாமெகுசா’ என்னும் சிறுநூல். அவருடைய உரையாடல்களைக் கேட்டறிந்து தொகுத்தவர் நடிகரும் நாடக ஆசிரியருமாகிய ஃபுக்குவோக்கா யாகோஷிரோ. அயாமெகுசா என்பது நடிகரின் பெயரைத் தாங்கிய சிலேடை. பழைய ஜப்பானிய மொழியில் அது நாம் வசம்பு என அழைக்கும் செடியின் பெயர். இந்நூல் ‘யாகுஷா ரொங்கோ’ என்னும் நடிகர் உரைத்தொகுப்பின் ஒரு பகுதியாக 1776இல் அச்சேறியது. அதாவது, அயாமே மறைந்து 47 ஆண்டுகள் கழித்து. ஆகவே நாம் படிப்பது அயாமேயின் எழுத்தன்று. ஒரு மாணாக்கர் போற்றிப் பாதுகாத்த வாய்மொழி.

அவ்வாய்மொழி பெரிதும் நடைமுறை சார்ந்தது. ஒப்பனையறையில் பெண்வேட நடிகர் பிறர் காண உணவு உண்ணலாகாது. ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உண்ண வேண்டும் என்கிறார் அயாமே. இதற்கு அவர் கூறும் காரணமே நம் கவனத்திற்குரியது. தன் அருகில் அமர்ந்து வயிறாரச் சோறு உண்ட ஒருவரோடு அடுத்த நொடியில் மேடையில் காதல் மொழி பேச நேர்ந்தால், தலைவனாக நடிப்பவரின் உள்ளம் எவ்வாறு அதற்கு இசையும்? இங்கு அயாமே அக்கறை கொள்வது தம் அகத்தூய்மை பற்றியன்று. உடன் நடிப்பவரின் கற்பனையைக் கலைக்காமல் காப்பது பற்றியே. மனைவி உள்ள செய்தியை மறைக்க வேண்டும், மனைவியைப் பற்றி எவரேனும் வினவினால் முகம் சிவக்க வேண்டும் என்னும் அறிவுரையும் இவ்வாறே. பார்வையாளரும் சக நடிகரும் தம்மீது கொண்டுள்ள நம்பிக்கையைப் பெண்வேட நடிகர் நாள் முழுதும் சுமந்து திரிகிறார்.

கணிகையின் பாத்திரம் கைவந்தால் பிற பெண் பாத்திரங்கள் எளிதில் கைகூடும் என்பது அவருடைய மற்றொரு கருத்து. மறக்குடிப் பெண்ணாக நடிப்பவருக்கு ஓரளவு இறுக்கம் பொருந்தும். ஆணின் உடல் அதற்கு இடங்கொடுக்கும். கணிகையின் குழைவும் தளர்வும் ஆணுக்கு இயற்கையில் வாராதவை. ஆதலின் கடினமானதை முதலில் பயில வேண்டும் என்கிறார். பயிற்சியின் படிநிலைகளை அறிந்த ஆசான் ஒருவரின் குரலை இங்குக் கேட்கிறோம். ஆயினும், எப்பாத்திரமாயினும் கற்பொழுக்கமே பெண்வேடத்தின் அடிப்படை என்றும், கைதட்டலுக்காக அதனைக் கைவிடலாகாது என்றும் அவர் வலியுறுத்துகிறார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கூறியாக வேண்டும். அயாமே வாழ்ந்து காட்டிய ‘பெண்’ அக்காலப் பெண்டிர் வாழ்ந்த வாழ்வின் படியன்று. நாணம், கற்பு, அடக்கம் ஆகியவற்றை ஆண்கள் தேர்ந்தெடுத்து இணைத்து உருவாக்கிய ஓர் இலக்கணம் அது. மேடையினின்று விலக்கப்பட்ட பெண்கள் அவ்விலக்கணத்தைத் திருத்தும் வாய்ப்பையும் இழந்திருந்தனர். அயாமேயின் கலைத்திறனைப் போற்றுவோர் இதனைப் பேசாமல் கடந்துவிடுவது முறையன்று.

அந்நூலில் நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது வேறொரு பகுதி. பெண்வேடத்தில் தோற்றால் ஆண்வேடத்திற்கு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு நடிகர் எண்ணத் தொடங்கிய அந்நேரமே அவருடைய கலை மணலாகிவிடும் என்கிறார் அயாமே. மெய்யான பெண் ஒருத்தி தன் வாழ்வு சலித்துப்போனால் ஆணாக மாறிவிட முடியுமா என்பது அவர் எழுப்பும் வினா. திரும்பிச் செல்ல வழி உண்டு என்னும் எண்ணமே நடிப்பைப் பொய்யாக்கிவிடும் என்பது இதன் உட்பொருள்.

ஆனால், 1721இல் அவரே அவ்வழியில் சென்றார். நாற்பத்தெட்டு வயதளவில் கொன்ஷிச்சி என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆண்வேடத்தில் தோன்றினார். பார்வையாளர் ஏற்கவில்லை. விரைவில் பழைய பெயரோடு பெண்வேடத்திற்கே மீண்டார். இந்நிகழ்வைக் கொண்டு அவருடைய கொள்கையை எள்ளி நகையாடுவது எளிது. நமக்கோ அது கொள்கையின் உண்மையை மெய்ப்பிக்கும் சான்றாகவே படுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு அண்மையாக நடை, பார்வை, உண்ணும் முறை அனைத்தையும் ஒரே திசையில் பழக்கிய உடல், பெயர் மாறியதும் திரும்பிவிடுவதில்லை. திரும்பும் வழியைத் தாமே அடைத்துக்கொண்ட ஒருவருக்கு, முதுமை நெருங்கும்போது அத்தொழில் வேறு புகலிடம் வைத்திருக்கவில்லை.

அதன்பின் சில ஆண்டுகள் நடித்து, 1729இல் அவர் மறைந்தார். மனைவியை மறைக்கச் சொன்னவருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தனர், அவர்களும் மேடையேறினர். மூத்த மகன் இரண்டாம் அயாமே ஆனார். மற்றொரு மகனான முதலாம் நக்காமுரா தொமிஜூரோ (1719-1786) தந்தைக்கு வாய்க்காத ஆடல்துறையில் ஓங்கி, 1753இல் எதோவின் நக்காமுரா அரங்கில் ‘முஸுமே தோஜோஜி’ ஆடலை அரங்கேற்றினார். இன்றைய ஒன்னாகாத்தா நடிகர்கள் மேடைக்கு வெளியே ஆடவராகவே வாழ்கின்றனர். எனினும், தங்கள் தேர்ச்சியை நிறுவ அவர்கள் ஏற்கும் பெரும் ஆடல்களுள் ஒன்றாக அது இன்றும் மேடையேறி வருகிறது.