மறதி நோயும் பேசும் படங்களும்

“என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!” முதுமையில் மறதி நோய் கண்ட ஒருவரைப் பார்க்கச் செல்லும் உறவினர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். அன்பினால் கேட்பதே, ஆயினும் அது ஒரு பரீட்சை. விடை தெரியாத மாணவனைப்போல் அம்முதியவரும் வாய்மூடிக் கொள்கிறார். என் அத்தையிடம் நானும் மாதக்கணக்கில் இந்தப் பரீட்சையை நடத்தியவன்தான்.

இந்நோய் எல்லா நினைவுகளையும் ஒருசேர அழித்து விடுவதில்லை. இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர் நோயில், புதிய செய்திகளைப் பதித்து வைக்க உதவும் ‘ஹிப்போகாம்பஸ்’ என்னும் மூளைப்பகுதி தொடக்கத்திலேயே பழுதடைகிறது. ஆகவே, காலையில் உண்டது மறந்துபோகும். இளமையில் கண்டதும் கேட்டதும் நெடுநாள் நிற்கும். அப்படியானால் பழங்கதை பேசுவதற்குத் தடை என்ன? சற்று முன் சொன்னதை மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான் அடுத்த சொல் பிறக்கும். அவ்வாற்றல் குன்றியவர் பேச்சின் நடுவே இழையைத் தவற விடுகிறார். கதை உள்ளே இருக்கிறது, வெளிவர வழியில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்காட்லாந்து அறிஞர்கள் கணினியைத் துணைக்கழைத்தனர். டண்டீ பல்கலைக்கழகத்தின் கணினி அறிஞர் நார்மன் ஆல்ம், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்திலிருந்த உளநூல் அறிஞர் ஆர்லீன் ஆஸ்டெல் முதலியோர் 2000த்தை அடுத்த ஆண்டுகளில் ‘சர்க்கா’ என்னும் ஏற்பாட்டை உருவாக்கினர். முதியவரும் பராமரிப்பவரும் ஒரு தொடுதிரையின் முன் அருகருகே அமர்வர். திரையில் சில தலைப்புகள் தோன்றும். முதியவர் விரலால் ஒன்றைத் தொட, அக்காலத்துப் புகைப்படமோ, திரைத்துணுக்கோ, பாட்டோ வரும். பேச்சு எங்கே நின்றாலும் படம் கண்முன்னே நிற்பதால் இழை மீண்டும் கைக்கு வந்துவிடும். சரி, தவறு என்பதே அங்கில்லை.

பழைய முறையில் ஆல்பத்தை வைத்துக்கொண்டு பேசியபோது பராமரிப்பவரே கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தனர். தொடுதிரையின் முன்போ கேள்விகள் குறைந்தன. எதைப் பார்ப்பது என்பதை முதியவரே முடிவு செய்தார். இதைவிட வியப்பான ஒன்றையும் அவ்வாராய்ச்சியாளர் கண்டனர். சொந்தக் குடும்பப் படங்களைக் காட்டியபோது, இன்னார் இன்னார் என்று பெயர் சொல்வதோடு பேச்சு பெரிதும் நின்றது. யாருக்கும் உரியதல்லாத பொதுப் படங்களைக் காட்டியபோதோ கதைகள் பிறந்தன. குடும்பப் படம் “இவர் யார்?” என்று கேட்காமல் கேட்கிறது, பொதுப் படம் அப்படிக் கேட்பதில்லை.

பிற்பாடு பி.பி.சி. நிறுவனமும் இதே எண்ணத்தைக் கொண்டு, தன் காப்பகத்துப் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ‘ரெம்ஆர்க்’ என்ற பெயரில் இணையத்தில் வைத்தது. ஆனால் டண்டீ நகரத்துப் படமும் லண்டன் வானொலியும் நம் தோட்டத்துப் பாட்டிக்கு என்ன சொல்லும்? அவருக்கு வேண்டியவை லயத்து வீடுகள், விடியற்காலைப் பெரட்டு, ஆயாக்கொட்டகை, பால் வாளி, தீமிதித் திருவிழா. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள தேசிய ஆவணக் காப்பகங்களில் பழம்படங்கள் பல இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளின் கைத்தொலைபேசியே இவ்வேலைக்குப் போதும்.

பால்மரம் வெட்டும் பெண்களின் பழம்படம் ஒன்றைக் கைத்தொலைபேசியில் அத்தையிடம் காட்டினேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் பார்த்தவர், மழை பெய்தால் மங்கில் தண்ணீர் சேர்ந்து பால் கெட்டுப்போவதையும், அன்று அரை நாள் கூலி போவதையும் சொன்னார். பிறகு என்னை நோக்கி, “தம்பி, நீங்க எந்த டிவிசன்?” என்றார். என்னை அவர் அறியவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் பேசினோம்.

இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று. இழந்த நினைவு இதனால் திரும்புவதுமில்லை. படங்களைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் ரயில் பாதைக்குத் தந்தையைப் பறிகொடுத்த பிள்ளைகள் சிலர் இன்று எண்பத்தைந்தைக் கடந்து நம்மிடையே உள்ளனர். தண்டவாளப் படமொன்றைக் கண்டு அவர் முகம் வாடினால், காரணம் கேட்டுத் துருவாமல் அடுத்த படத்திற்குச் செல்க.