ஸ்டியரிங் எண்ணெயும் இரு குழாய்களும்

வடநாட்டுக் குளிர்காலக் காலையில் பழைய வண்டியைக் கிளப்பி ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு முனகல் எழுகிறதே, அது என்ன என்று நம் சங்கத்து நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டனர். பெரும்பாலும் எண்ணெய் கெட்டிருக்கும், அன்றிக் குறைந்திருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு விடுமுறைப் பகல் போதும். ஆயினும் நம் கைவேலை எதுவரை செல்லலாம் என்பதை அறிந்த பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும்.

இக்காலத்துச் சிறிய கார்கள் மிகப் பலவற்றில் ஸ்டியரிங்குக்குத் துணை செய்வது மின்மோட்டார். அங்கே எண்ணெய்க்கு வேலையே இல்லை. நான் சொல்வது பழைய சுமோ, பொலீரோ போன்றவற்றில் காணும் எண்ணெய் முறையைப் பற்றி. அமெரிக்கரான பிரான்சிஸ் டேவிஸ் இதனை 1926-ஆம் ஆண்டிலேயே ஒரு காரில் அமைத்துக் காட்டினார். ஆனால் கிரைஸ்லர் கம்பெனி இதைக் காரில் வைத்து விற்கத் தொடங்கியது 1951-இல்தான்!

எஞ்சின் பெல்ட்டினால் சுழலும் பம்பு, எண்ணெயை ஒரு குழாய் வழியே ஸ்டியரிங் பெட்டிக்குத் தள்ளுகிறது. வேலை முடிந்த எண்ணெய் மற்றொரு குழாய் வழியே தொட்டிக்குத் திரும்புகிறது. பார்வைக்கு இரண்டும் கறுப்பு ரப்பர்தான். ஆனால் முதற் குழாயில் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேலும் அழுத்தம் ஏறும். இரண்டாவதில் அழுத்தம் சொற்பமே.

ஆகவே, திரும்பும் குழாயை நாமே மாற்றலாம். எண்ணெய் தாங்கும் ரப்பர்க் குழாயை அதே அளவில் வாங்கிப் புதிய கிளிப்புப் போட்டு இறுக்கினால் தீர்ந்தது. அழுத்தக் குழாய்க்கு இவ்வழி ஆகாது. இரு முனையிலும் இரும்புப் பூண் இயந்திரத்தால் இறுக்கப்பட்ட முழுக் குழாயாகவே வாங்கி, வாஷர்களையும் புதிதாகப் போட வேண்டும். வெடித்த இடத்தை அறுத்துவிட்டுக் கிளிப்பால் ஒட்டுப்போட்ட வேலையை ஒரு சாலையோரப் பட்டறையில் கண்டேன். சில நூறு ரூபாய் மிச்சந்தான்! அது பிய்த்துக்கொண்டால் எண்ணெய் சூடான புகைக்குழாய்மீது சிந்தித் தீப்பற்றக் கூடும். எஞ்சின் ஓடும்போது கசிவை விரலால் தடவித் தேடுவதும் கூடாது. ஊசிபோல் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியே முள் குத்தியதுபோல்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். அட்டைத்துண்டைக் காட்டிப் பார்த்தல் நன்று.

இனி எண்ணெய் மாற்றும் வேலை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்துக. ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே நீட்ட வேண்டாம். தொட்டியில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிட்டு, திரும்பும் குழாயைக் கழற்றி அதன் முனையை ஒரு பாட்டிலில் விடுக. தொட்டியின் திறந்த வாயை அடைத்துப் புது எண்ணெய் ஊற்றுக. எஞ்சினைக் கிளப்பாமல், சாவியால் ஸ்டியரிங் பூட்டை மட்டும் விடுவித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தால், டிகாக்ஷன் நிறத்தில் பழைய எண்ணெய் வெளிவரும். நண்பர் ஒருவர் தொட்டி வற்றாமல் ஊற்றிக்கொண்டிருக்கட்டும். வற்றினால் காற்றுப் புகும். புதிய எண்ணெயின் நிறத்திலேயே தெளிவாக வந்ததும் நிறுத்தலாம். ஒன்றிரண்டு லிட்டர் செல்லும்.

எந்த எண்ணெய் என்பது தொட்டி மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ அச்சிட்டிருக்கும். பல வண்டிகளுக்குச் சிவப்பான ஏ.டி.எப். எண்ணெய். பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊறிக் கெடும்.

குழாயைப் பூட்டித் தொட்டியை நிரப்பிய பின், எஞ்சின் ஓடாமலே மேலும் பதினைந்து இருபது தடவை திருப்பினால் காற்று வெளியேறும். பிறகு எஞ்சினைக் கிளப்பலாம். கடைக்கோடியில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து நிறுத்த வேண்டாம், பம்பு சூடேறும். நுரை தெரிந்தால் எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்து மீண்டும் செய்க.

கழிவெண்ணெய் சாக்கடைக்குப் போகக் கூடாது. 2016-ஆம் ஆண்டு விதிகளில் அது அபாயக் கழிவு. மூடிய டப்பாவில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்த்து அனுப்பும் பட்டறையில் கொடுத்துவிடலாம். அன்றிரவு வண்டியின் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் திரும்பும் குழாயின் நேர்கீழே சொட்டு இருந்தால் கிளிப்பை இறுக்குங்கள். அழுத்தக் குழாயின் கீழே இருந்தால் வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள்.