சிப்பித் திருவிழாவுக்குப் படகில் போகலாமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் வடமேற்குக் கரையில், அப்பலாச்சிகோலா ஆறு மெக்ஸிகோ வளைகுடாவில் சேரும் இடத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். நவம்பர் முதல் வார இறுதியில் அங்கே நடக்கும் ஃபுளோரிடா கடலுணவுத் திருவிழாவுக்குப் பல ஆயிரம் பேர் கூடுகிறார்கள். ஜார்ஜியா, அலபாமா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஒரு வார இறுதிக்குள் போய்வரக்கூடிய தூரம். படகில் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு வழக்கமாக எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இங்கே.

காரிலேயே போய் இறங்க முடியும்போது படகு எதற்கு?

காரிலும் தாராளமாகப் போகலாம். 98-ஆம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே கொண்டுவிடும். ஆனால், திருவிழா நடக்கும் பேட்டரி பூங்கா ஆற்றின் வாயிலேயே இருக்கிறது. படகுத்துறையும் அதை ஒட்டியேதான். விழாவன்று வண்டி நிறுத்த இடம் தேடி அலைகிறவர்களைவிடப் படகில் வந்து இறங்குகிறவர்களுக்கு நடை குறைவு. அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் தட்டில் வாங்கப்போகும் சிப்பியும் நண்டும் இறாலும் எந்தத் தண்ணீரில் வளர்ந்தனவோ, அதன் மேலேயே ஊர்ந்து வருவீர்கள் என்பது. இந்த ஊரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது.

எங்கிருந்து கிளம்புவது நல்லது?

புதியவர்களுக்குக் கிழக்கே உள்ள கேரபெல்தான் என் பரிந்துரை. அங்கிருந்து சுமார் 25 மைல். வழி நெடுக டாக் தீவும் செயின்ட் ஜார்ஜ் தீவும் வளைகுடாவின் அலையைத் தடுத்து நிற்கும். வேகப் படகு என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்; மணிக்கு ஏழு மைல் போகும் பாய்மரப் படகோ மெதுவான மோட்டார் படகோ என்றால் பாதிப் பகல் பிடிக்கும்.

மேற்கே பனாமா சிட்டியிலிருந்து கிளம்பினால் சுமார் 60 மைல். இது உள்நாட்டு நீர்வழி. கால்வாய், விமிக்கோ ஏரி, ஜாக்சன் ஆறு என்று காட்டுக்கும் சதுப்புக்கும் நடுவே வளைந்து போய் அப்பலாச்சிகோலா ஆற்றில் சேரும். கடல் கொந்தளிக்கும் நாளில்கூட இதில் பெரிய தொல்லை இராது. நேரம் இருந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள், அவ்வளவு அழகு. கேரபெலுக்கும் கிழக்கேயிருந்து வருவதானால் இப்படி மறைவான வழி கிடையாது, திறந்த வளைகுடாவைக் கடந்தாக வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

விரிகுடா ஆழம் குறைந்தது என்கிறார்களே, படகு தரை தட்டுமா?

தட்டும், தடத்தை விட்டு விலகினால். அப்பலாச்சிகோலா விரிகுடாவின் சராசரி ஆழமே ஆறிலிருந்து ஒன்பது அடிதான். சிப்பித் திட்டுகள் இருக்கும் இடத்தில் அதுவும் இல்லை. மணலில் தட்டினால் படகைத் தள்ளி மீட்டுவிடலாம். சிப்பித் திட்டில் ஏறினால் ஓடுகளின் விளிம்பு படகின் அடியைக் கீறிவிடும். இறங்கித் தள்ள நினைத்தால் காலையும் கிழிக்கும்.

பச்சை, சிவப்பு அடையாளக் கம்பங்களுக்கு நடுவிலேயே போக வேண்டும். நவம்பரில் இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர்க்காற்று வடக்கிலிருந்து வலுத்து வீசும் நாள்களில் அது விரிகுடாவின் தண்ணீரையே கடல் பக்கம் தள்ளிவிடுகிறது. ஓத அட்டவணை சொல்லும் ஆழம் அன்று அங்கே இருக்காது. ஆகவே மழை வருமா என்று பார்ப்பதைவிட, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசும் என்று பார்ப்பதுதான் முக்கியம். வடகாற்று பலமாக இருக்கும் என்று முன்னறிவிப்பு வந்தால் அந்த ஆண்டு காரில் போய்விடுங்கள். திருவிழா அடுத்த ஆண்டும் வரும்.

படகு ஓட்ட உரிமம் வேண்டுமா?

கார் உரிமம் போன்ற ஒன்று ஃபுளோரிடாவில் கிடையாது. ஆனால், 1988 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் பத்துக் குதிரைத்திறனுக்குக் குறையாத மோட்டார் படகை ஓட்டப் படகுப் பாதுகாப்புப் பயிற்சி அட்டை வைத்திருக்க வேண்டும். வாடகைப் படகுக்கும் இதே விதி. ஒரு தேர்வு எழுதி 90 நாள் செல்லும் தற்காலிகச் சான்றும் பெறலாம்.

ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தாக வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சட்டம். பெரியவர்களும் போட்டுக்கொண்டால் நல்லது. நவம்பர்த் தண்ணீரில் விழுந்தால் உடல் சீக்கிரம் விறைத்துவிடும். குடித்துவிட்டுப் படகு ஓட்டுவது குடித்துவிட்டுக் கார் ஓட்டுவதற்குச் சமமான குற்றம். திருவிழாவில் பீர் தாராளமாகக் கிடைக்கும் என்பதால், திரும்பும்போது யார் ஓட்டப்போகிறார் என்பதைப் போகும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

நேரக் குழப்பம் வரும் என்கிறார்களே?

பனாமா சிட்டியின் கடிகாரம் அப்பலாச்சிகோலாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். மேற்கிலிருந்து வருகிறவர்கள் வழியிலேயே ஒரு மணி நேரத்தை இழந்துவிடுவார்கள். திருவிழாவின் காலை ஊர்வலத்தைப் பார்க்க நினைத்தால் அதற்கேற்ப முன்னதாகவே கிளம்ப வேண்டும். இதோடு, நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலையில் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்துகிறார்கள். பல ஆண்டுகளில் அது திருவிழா முடிந்த மறுநாளே வந்துவிடுகிறது. அன்று அப்பலாச்சிகோலாவில் மாலை ஆறு மணி தாண்டியதுமே இருட்டிவிடும். சனிக்கிழமை வெளிச்சத்தைக் கணக்கில் வைத்து ஞாயிறு பிற்பகலில் சாவகாசமாகக் கிளம்பாதீர்கள்.

அங்கே தரும் சிப்பி அந்த விரிகுடாவில் எடுத்ததுதானா?

இதுதான் முக்கியமான கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

ஒரு காலத்தில் ஃபுளோரிடாவின் சிப்பியில் 90 விழுக்காடும், அமெரிக்காவின் மொத்தச் சிப்பியில் 10 விழுக்காடும் இந்த ஒரே விரிகுடாவிலிருந்து வந்தன. சிறு படகின் ஓரத்தில் நின்றபடி, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட கத்தரி போன்ற இடுக்கிகளைத் தண்ணீருக்குள் இறக்கி, திட்டிலிருந்து சிப்பியை அள்ளி மேலே கொட்டுவார்கள். பிறகு ஓர் இரும்புக் கருவியால் ஒட்டியிருப்பதைத் தட்டிப் பிரித்து, மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்பத் தண்ணீரில் போடுவார்கள். தலைமுறை தலைமுறையாக ஊர் இப்படித்தான் சாப்பிட்டது.

2012-இல் அது சரிந்தது. காரணத்தைப் புரிந்துகொள்ள வரைபடத்தைப் பார்க்க வேண்டும். அட்லாண்டா குடிக்கும் சட்டஹூச்சி ஆறும், ஜார்ஜியாவின் வயல்களுக்குப் பாயும் ஃபிளின்ட் ஆறும் எல்லையில் ஒன்றாகி அப்பலாச்சிகோலாவாக இறங்குகின்றன. கழிமுகச் சிப்பிக்கு உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீர் வேண்டும். வறட்சியால் ஆற்றுநீர் குறைந்து விரிகுடாவில் உப்பு ஏறியதும், ஓட்டைத் துளைத்துச் சதையைத் தின்னும் கடல் நத்தைகள் பெருகிவிட்டன.

ஜார்ஜியா தண்ணீரை அதிகமாக எடுத்ததே காரணம் என்று ஃபுளோரிடா மாநிலம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 ஏப்ரலில் நீதிபதிகள் ஒருமனதாக ஜார்ஜியா பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஃபுளோரிடா தன் குற்றச்சாட்டைப் போதிய சான்றுடன் நிரூபிக்கவில்லை என்றார்கள். அளவு மீறி அள்ளியதையும், எடுத்த ஓடுகளைத் திட்டுக்குத் திருப்பித் தராததையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. வழக்கு முடியும் முன்பே, 2020 டிசம்பரில், விரிகுடாவில் இயற்கையாக விளையும் சிப்பியை எடுக்க ஐந்து ஆண்டுகள் வரை தடை போட்டாகிவிட்டது. அதன்பின் 2026 தொடக்கத்தில் கடும் கட்டுப்பாடுகளோடு ஒரு சிறு பருவம் மட்டும் திறந்துவிட முடிவானது.

தடை இருந்த காலத்திலும் திருவிழாத் தட்டில் சிப்பி இருந்தது. கூண்டுகளில் வளர்க்கும் பண்ணைச் சிப்பிக்கு அந்தத் தடை பொருந்தாது, வெளியிலிருந்தும் வரும். எனவே எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். தயங்க வேண்டாம், அந்த ஊரில் அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. அட்லாண்டாவிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும் என்றே சொல்வேன். அவர்கள் வீட்டுக் குழாயில் வரும் ஆறுதான் கடைசியில் இந்த விரிகுடாவில் வந்து சேர்கிறது.

பச்சைச் சிப்பி சாப்பிடலாமா?

கல்லீரல் நோய், சர்க்கரை நோய், நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள் சாப்பிடவே கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா சிப்பிக்குள் இருக்கக்கூடும். அதனால் மணமோ சுவையோ மாறாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தொற்றியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் இறக்கிறார். எலுமிச்சை பிழிந்தால், காரச் சாறு ஊற்றினால், கூடவே மது குடித்தால் கிருமி செத்துவிடும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை. நன்றாக வேகவைப்பது மட்டுமே அதைக் கொல்லும். வளைகுடாவில் நவம்பர்த் தண்ணீர் கோடையைவிடக் குளிர்ந்திருக்கும், ஆபத்து குறையும், ஆனால் நீங்கிவிடாது. சர்க்கரை நோயை வீட்டுக்கு வீடு பார்க்கும் நம் மக்களுக்கு என் யோசனை, வறுத்ததையோ வேகவைத்ததையோ கேளுங்கள் என்பதுதான். காலில் புண் இருந்தால் கடல்நீரில் இறங்குவதையும் தவிருங்கள். அதே கிருமி புண் வழியாகவும் நுழையும்.

சிப்பி பிடிக்காதவர்களும், சைவம் சாப்பிடுகிறவர்களும் என்ன செய்வது?

இறால், நீல நண்டு, வறுத்த மடவை எல்லாம் உண்டு. சைவத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல் போலச் சில உண்டு, பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போய்ப் படகிலேயே முடித்துவிடுங்கள். பார்க்க நிறைய இருக்கிறது. சிப்பி உடைக்கும் போட்டியைத் தவறவிடாதீர்கள். சிறு கத்தியின் முனையை ஓட்டின் பொருத்தில் செருகி ஒரு திருகு. ஓட்டைப் பிடித்திருக்கும் தசையை ஒரு அறுப்பு. உள்ளிருக்கும் நீர் சிந்தாமல் அடுத்த சிப்பி. குழந்தைகளுக்கு நண்டுப் பந்தயம் இருக்கிறது. படகுகளுக்கு ஆசி வழங்கும் சடங்கும் உண்டு. ஊருக்குள் ஜான் கோரி அருங்காட்சியகமும் இருக்கிறது. காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிரவைக்கப் பனிக்கட்டி செய்யும் இயந்திரம் கண்டு, 1851-இல் காப்புரிமை பெற்ற இவ்வூர் மருத்துவர் அவர்.

படகு இல்லாதவர்கள்?

கார் பயணத்தோடு, ஊரின் கரையிலிருந்து விரிகுடாவைச் சுற்றிக் காட்டும் படகுகளில் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சொந்தப் படகில் வருகிறவர்கள் பேட்டரி பூங்காத் துறையிலோ சிப்பியோ க்ரீக் துறையிலோ இடம் இருக்கிறதா என்று மாதங்களுக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். ஊரில் விடுதி அறைகள் குறைவு. படகிலேயே படுக்க வசதி இருந்தால் அந்தக் கவலையும் இல்லை, போர்வை மட்டும் கனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.