370-ஆம் அடுக்கில் கிடைக்காத புத்தகம்

செகந்திராபாத்தின் வடகிழக்கில், படைவீரர்களின் குடும்பங்களுக்காக உருவான குடியிருப்பு சைனிக்புரி. இங்கிருந்து பி.எட்., எம்.எட். படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு. நகரப் பேருந்து ஏறினால் போய்விடும் தூரத்தில் 1918-இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதையொட்டியே, 1958-இல் தோன்றிய ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம். மொழி கற்பித்தலில் ஆர்வம் உள்ளவர்கள் அங்குள்ள ரமேஷ் மோகன் நூலகத்தைத் தேடிப் போவார்கள். சிறப்புக் கல்வி படிப்பவர்களுக்கு, 1984-இல் அமைந்த அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் செகந்திராபாத்திலேயே, மனோவிகாஸ் நகரில் உள்ளது.

நூலகம் பக்கத்தில் இருந்தாலும், தேடத் தெரியாவிட்டால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். கல்வியியல் மாணவர்கள் முதலில் தடுமாறுவது அலமாரி முன்னால்தான்.

இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் புத்தகங்கள் டியூயி தசம முறைப்படி அடுக்கப்பட்டிருக்கும். அதில் கல்விக்கு உரிய எண் 370. பள்ளி நிர்வாகமும் கற்பிக்கும் முறைகளும் 371-இல் வரும், சிறப்புக் கல்வி 371.9-இல். தொடக்கக் கல்விக்கு 372, உயர்நிலைக்கு 373, பல்கலைக்கழகக் கல்விக்கு 378. இதுவரை சிக்கல் இல்லை. பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிப்பது எப்படி என்ற நூலைத் தேடிப் பாருங்கள். 370 தொடங்கி 379 வரை அலசினாலும் அகப்படாது. அது கணிதப் புத்தகங்களுக்கு நடுவே 510.71-இல் நிற்கும். வரலாறு கற்பித்தல் என்றால் 907.1. உயர்நிலைப் பாடங்களின் கற்பித்தல் நூல்களை அந்தந்தப் பாடத்தோடு சேர்த்து, எண்ணின் வாலில் 071 என்று ஒட்டிவிடுவது டியூயி முறையின் விதி. தொடக்கப் பள்ளிப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு, அவற்றின் கற்பித்தல் நூல்கள் கல்வி வரிசையிலேயே வரும். கணிதத்துக்கு 372.7. இது தெரியாமல் ‘நூலகத்தில் அந்தப் புத்தகமே இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம்.

ஒரு பொருளை ஒரே எண்ணுக்குள் அடைப்பதில் உள்ள இந்தச் சங்கடத்துக்கு வேறு வழி கண்டவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் எல்.டி. என்ற ஆசிரியர் பயிற்சிப் பட்டம் பெற்று, கணிதம் கற்பித்துவந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு நூலின் பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, இடையில் முக்காற்புள்ளி இட்டுக் கோக்கும். அதில் கல்விக்கு உரிய எழுத்து ‘T’. ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்ற கொள்கையை 1931-லேயே விதியாக எழுதிவைத்தவரும் அவர்தான்.

அலமாரியைத் தாண்டினால் ஆய்வேடுகள். 1974-இல் எம்.பி. புச் தொகுத்த இந்தியக் கல்வி ஆய்வுகளின் தொகுப்புதான் எம்.எட். மாணவர்களுக்கு வெகுகாலம் கைவிளக்காக இருந்தது. ஆனால் அதில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. மூல ஆய்வேடு வேண்டுமானால் அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதி இதை மாற்றியது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியையும் ஒப்படைக்க வேண்டும் என்றது அந்த விதி. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் அவற்றை ‘ஷோத்கங்கா’ என்ற களஞ்சியத்தில் சேர்த்துவருகிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் உள்ளன. கடவுச்சொல் கிடையாது, கட்டணமும் கிடையாது.

இதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஒவ்வோர் ஆய்வேடும் அங்கே அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பி.டி.எஃப். கோப்புகளாக இருக்கும். அண்மைய ஆய்வேடுகளில், பட்டியலின் கடைசியில் ‘80_ரெகமெண்டேஷன்’ என்ற பெயரில் ஒரு கோப்பைக் காணலாம். முடிவுகளும் பரிந்துரைகளும் அதில்தான். அதைப் பார்த்து நமக்கு உதவுமா என்று தீர்மானித்துவிட்டு, நேரே பின்னிணைப்புக்குப் போகலாம். ஆய்வாளர் பயன்படுத்திய வினாத்தாள், மதிப்பீட்டு அளவுகோல் எல்லாம் அங்கேதான் இருக்கும். சொந்தமாக வினாத்தாள் தயாரிக்கத் திணறும் எம்.எட். மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. எடுத்தாளும்போது உரியவரின் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டு ஆய்வுகளுக்கு எரிக். 1960-களில் தொடங்கிய, அமெரிக்கக் கல்வித் துறையின் இந்தத் தரவுத்தளத்தில் கல்வி சார்ந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவு எண் ‘இ.ஜே.’ என்று தொடங்கினால் இதழ்க் கட்டுரை, ‘இ.டி.’ என்றால் அறிக்கை போன்ற பிற ஆவணம். ‘முழு உரை கிடைப்பவை மட்டும்’ என்ற கட்டத்தை முதலிலேயே சொடுக்கிவிட்டால், சுருக்கத்தை மட்டும் காட்டி ஏமாற்றும் பதிவுகள் விலகிவிடும்.

எரிக்கின் உயிர் அதன் சொற்களஞ்சியத்தில் இருக்கிறது. தாய்மொழிவழிக் கல்வி பற்றித் தேட நாம் ‘மதர் டங் மீடியம்’ என்று தட்டுவோம். எரிக் அதற்கு வைத்திருக்கும் சொல் ‘நேட்டிவ் லாங்குவேஜ் இன்ஸ்ட்ரக்‌ஷன்’. கட்டுரை ஆசிரியர் எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும், பதிவு செய்கிறவர்கள் இந்த ஒரே சொல்லின் கீழ் அதைச் சேர்த்துவிடுவார்கள். நமது ஓராசிரியர் பள்ளிக்கும் அங்கே தனிச்சொல் உண்டு, ‘ஒன் டீச்சர் ஸ்கூல்ஸ்’. எனவே முதலில் களஞ்சியத்தில் சரியான சொல்லைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு அதை வைத்துத் தேட வேண்டும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், நாள் முழுக்கத் தேடியும் கிடைக்காதது அரை மணி நேரத்தில் கிடைக்கும். எரிக் ஒன்றையே நம்பியிருக்கவும் கூடாது. 2025-இல் அதன் நிதி குறைக்கப்பட்டதால், புதிதாகச் சேர்க்கும் இதழ்களின் எண்ணிக்கையும் சுருங்கியது.

கடைசியாக, பணம் கொடுத்து வாங்கவேண்டிய பன்னாட்டு ஆய்விதழ்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறக்கும் என்று அறிவிக்கப்பட்டது. உஸ்மானியா போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், வளாகத்துக்கு வெளியிலிருந்து இவற்றைப் படிக்க என்ன ஏற்பாடு என்று நூலகரிடம் இன்றே கேட்டுவிடுவது நல்லது.

இத்திட்டத்தில் சேர்ந்தவை மத்திய, மாநில அரசுகளின் நிறுவனங்கள் மட்டுமே. ஆசிரியர் கல்வியோ பெரும்பாலும் தனியார் கையில் இருக்கிறது. 2012-இல் அறிக்கை தந்த நீதிபதி வர்மா ஆணையம், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு அரசு சாராதவை என்று கணக்குச் சொன்னது. அப்படியென்றால், நாளை வகுப்பறையில் நிற்கப்போகும் ஆசிரியர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

அவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஷோத்கங்கா, எரிக், ஐ.ஐ.டி. காரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம் ஆகியவை எல்லோருக்கும் பொது. கல்லூரி டெல்நெட் என்ற நூலக வலையமைப்பில் உறுப்பினராக இருந்தால் வேறு நூலகத்தின் புத்தகத்தையும் கட்டுரைப் படியையும் வரவழைக்கலாம். கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்பதும் நம்மிடையே நெடுநாள் வழக்கம்தான். ஆனாலும் இவையெல்லாம் சுற்றுவழிகள். திட்டத்தின் இப்போதைய காலம் 2027-உடன் முடிகிறது. அடுத்த சுற்றில் தனியார் பி.எட். கல்லூரிகளை முதல் வரிசையில் சேர்க்க வேண்டும்.