குழந்தை தூங்க மறுக்கிறதா? மெலடோனினுக்கு முன் விளக்கைக் கவனியுங்கள்

மலையடிவார ஊரான ஆழ்வார்குறிச்சியில், மேற்கே பொழுது சாய்ந்ததும் இருட்டிவிடும். வீட்டுக்குள் அப்படியில்லை. பல வீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே அறைதான். அம்மா டியூப் லைட் வெளிச்சத்தில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். டிவியில் சீரியல் ஓடும். நான்கு வயதுப் பிள்ளையின் கையில் செல்போன். மணி பதினொன்றாகியும் பிள்ளை கண்ணை மூடாது. மறுநாள் மெடிக்கல் ஷாப்பில், "தூக்கத்துக்கு ஏதாவது மருந்து இருக்கா?" என்று விசாரிப்பார்கள்.

மெலடோனின் என்ன செய்யும்?

இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பி வெளியிடும் ஹார்மோன் மெலடோனின்; மருந்தாகவும் கிடைக்கிறது. 1958-ல் அமெரிக்க மருத்துவர் ஏரன் லெர்னர் இதைப் பிரித்தெடுத்தார். தூக்க மாத்திரை போல இது ஆளை அசத்திப் போடாது. இரவாகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும், அவ்வளவுதான். வெளிச்சம் அந்தச் செய்தியை மறித்துவிடும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தினர் 2018-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைப் படுக்கும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் விளையாட விட்டார்கள். மெலடோனின் 88 சதவீதம் குறைந்தது.

முதலில் காரணம்

3 முதல் 5 வயதுக்கு, பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. அது கிடைக்காவிட்டால் இவற்றைப் பாருங்கள்:

- வாயைத் திறந்து குறட்டை விட்டால்: அடினாய்டு, டான்சில் வீக்கமாக இருக்கலாம்.
- இரவில் ஆசனவாயில் அரித்தால்: கீரிப்பூச்சியாக இருக்கலாம்.
- கால்களை உதறிக்கொண்டே இருந்தால்: இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது.
- சாயங்காலம் காபி, டீ குடித்தால்: அதை நிறுத்துங்கள்.

வீட்டில் செய்யவேண்டியது

படுக்கும் முன் ஒரு மணி நேரம் டிவியும் செல்போனும் வேண்டாம். பெரியவர்களுக்கு வேலை இருந்தால், அவர்கள் பக்கம் மட்டும் ஒரு சிறு விளக்கு போதும். குளியல், கதை, படுக்கை என்று தினமும் ஒரே வரிசை, ஒரே நேரம். காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெயிலில் விளையாட விடுங்கள். விடுமுறை நாளிலும் நேரம் மாறக்கூடாது.

மருந்து யாருக்கு?

ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) உள்ள குழந்தைகளுக்கு மெலடோனின் பலன் தருவதற்குச் சான்றுகள் உண்டு. ஆட்டிசக் குழந்தைகளுக்கென்றே தயாரான மெலடோனின் மாத்திரைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் அனுமதி தந்தது. மற்றக் குழந்தைகளுக்கு, பழக்கத்தை மாற்றியும் பலனில்லை என்றால் மட்டும், குழந்தை மருத்துவர் குறைந்த அளவில், சில காலத்துக்கு எழுதித் தரலாம். காலையில் மந்தம், தலைவலி, படுக்கையில் சிறுநீர் போவது போன்றவை வந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

மிட்டாய் அல்ல

ஆன்லைனில் வாங்கும், மிட்டாய் போன்ற மெலடோனின் 'கம்மி'களில் கவனம் தேவை. அமெரிக்காவில் 2023-ல் சோதித்த 25 வகைகளில் 22-ல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. அங்கே குழந்தைகள் மெலடோனினை விழுங்கியதாக நச்சு மையங்களுக்கு வந்த தகவல்கள் 2012-ல் 8,337, 2021-ல் 52,563. மருந்தைப் பிள்ளைக்கு எட்டாமல் வையுங்கள். தூங்க வைப்பதற்காகச் சளி, இருமல் சிரப் கொடுப்பது இன்னும் ஆபத்து.

மருத்துவரிடம் போகும்போது

படுத்த நேரம், தூங்கிய நேரம், இடையில் விழித்தது, எழுந்த நேரம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்து எடுத்துச் செல்லுங்கள். குறட்டை இருந்தால் செல்போனில் பதிவு செய்து காட்டுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ, வலிப்பு போல உதறினாலோ, அதை எழுதிக்கொண்டிருக்காமல் உடனே தென்காசி அல்லது திருநெல்வேலி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.