எரிமலை வாயில் ஓர் ஊர்: ரபவுல்



நமது மலேசியத் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை எதுவும் இல்லை. எரிமலை வெடித்தது, ஊர் அழிந்தது என்று செய்தியில் கேட்பதோடு சரி. ஆனால் எரிமலையின் வாய்க்குள்ளேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களும் உலகில் இருக்கிறார்கள். அத்தகைய ஊர்களில் ஒன்றுதான் ரபவுல். அந்த ஊரின் நில அமைப்பையும் வரலாற்றையும் இன்று தெரிந்துகொள்வோம்.

சிங்கப்பூரிலிருந்து கிழக்கே நெடுந்தூரம் கடல் கடந்து சென்றால் பப்புவா நியூகினி நாடு வரும். அந்நாட்டுக்குச் சொந்தமான பெரிய தீவு நியூ பிரிட்டன். அத்தீவின் வடகிழக்கு முனை கடலுக்குள் புடைத்து நிற்கிறது. இதற்குக் கெஸல் தீபகற்பம் என்று பெயர். இதன் நுனியிலிருந்து இன்னும் சிறிய தீபகற்பம் ஒன்று கொக்கிபோல் வளைந்து செல்கிறது. அந்தக் கொக்கியின் உள்பக்கத்தில், மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது ரபவுல். பூமத்திய ரேகைக்குத் தெற்கே நான்கு பாகையில் இருப்பதால், நம் நாட்டைப் போலவே அங்கும் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான்.

கொக்கியின் வளைவுக்குள் அழகான, ஆழமான துறைமுகம் ஒன்று உண்டு. புயலோ பேரலையோ உள்ளே எளிதில் புக முடியாது. இந்தத் துறைமுகம் எப்படி உண்டாயிற்று தெரியுமா? சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் அங்கே மாபெரும் எரிமலை வெடிப்பு ஒன்று நிகழ்ந்தது. நிலத்தின் அடியில் தேங்கியிருந்த பாறைக் குழம்பு பெருமளவில் வெளியே கொட்டிவிட்டது. அடியில் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் மேலே உள்ள தரை என்ன ஆகும்? அப்படியே உள்வாங்கிவிடும் அல்லவா? அங்கும் அதுவே நடந்தது. பல கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் பள்ளம் ஏற்பட்டது. பள்ளத்தின் தென்கிழக்கு விளிம்பு உடைந்து கடல்நீர் உள்ளே புகுந்தது. கப்பல்கள் நங்கூரமிடும் துறைமுகம் அந்தப் பள்ளம்தான்.

பள்ளத்தைச் சுற்றிலும் மலைகள் நிற்கின்றன. அவற்றில் உயரமானதற்குத் தாய் என்று பெயர். அதன் இருபுறமும் வட மகள், தென் மகள் என்று இரண்டு மலைகள். இம்மூன்றும் பழைய எரிமலைகள், உறங்குகின்றன. உறங்காதவை வேறு இரண்டு. கிழக்குக் கரையில் தவூர்வூர், அதற்கு எதிரே மேற்குக் கரையில் வல்கன். அளவில் சிறியவைதான், ஊரைப் பாடாய்ப் படுத்துபவை இவையே.

எரிமலை ஏன் வெடிக்கிறது? பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பல தட்டுகளாகப் பிரிந்து, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. நியூ பிரிட்டன் தீவின் தெற்கே ஒரு தட்டு மற்றொன்றின் கீழே நழுவிச் செல்கிறது. அந்த ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிறது. அதற்குள் நீராவியும் மற்ற வாயுக்களும் கரைந்திருக்கின்றன. சோடாப் புட்டியைக் குலுக்கி மூடியைத் திறந்தால் என்ன நடக்கும்? உள்ளே அடங்கியிருந்த வாயு நுரைத்துச் சீறிக்கொண்டு வெளிப்படும். எரிமலையும் அப்படித்தான். குழம்பு மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது, வாயு பொங்குகிறது, பாறை பொடிப்பொடியாகிச் சாம்பலாய் வானில் பறக்கிறது.

இவ்வளவு ஆபத்தான இடத்தில் மனிதர் ஏன் குடியிருக்க வேண்டும் என்று கேட்கலாம். அழிக்கும் அந்தச் சாம்பலே காலப்போக்கில் வளமான மண்ணாக மாறுகிறது. இப்பகுதியின் மக்களாகிய தோலாய் இனத்தார் அந்த மண்ணில் கிழங்கும் வாழையும் பயிரிட்டார்கள். பிற்காலத்தில் தென்னையும் கொக்கோவும் செழித்தன. எரிமலையின் சூடுகூட உணவு தருகிறது. கோழி போன்ற ஒருவகைப் பறவை அங்கே உண்டு. அது அடைகாப்பதில்லை. எரிமலை அடிவாரத்தின் சூடான மணலில் முட்டையைப் புதைத்துவிட்டுப் போய்விடும். மக்கள் அந்த முட்டைகளைத் தோண்டி எடுத்து உண்பார்கள்.

1884இல் ஜெர்மானியர் இப்பகுதியைத் தங்கள் ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். கொப்பரைக்காகப் பெரிய தென்னந்தோட்டங்கள் எழுந்தன. துறைமுகத்தின் ஓரத்தில், நாம் பாக்காவ் மரம் என்கிறோமே, அந்த மரங்கள் நிறைந்த சதுப்பு நிலத்தைச் சீர்செய்து ஊர் அமைத்தனர். ரபவுல் என்ற சொல்லுக்கே தோலாய் மொழியில் பாக்காவ் என்றுதான் பொருள். 1910இல் அது ஜெர்மன் நியூகினியின் தலைநகரானது. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் ஆஸ்திரேலியப் படை வந்து ஊரைப் பிடித்தது.

தோட்டத்துக்கும் வீட்டு வேலைக்கும் பல தீவுகளிலிருந்து ஒப்பந்தத்தில் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். கூலி மிகக் குறைவு. 1929ஆம் ஆண்டு சனவரி மாதத் தொடக்கத்தில் ஓர் இரவு, சுமார் மூவாயிரம் தொழிலாளர்களும் காவலர்களும் சத்தமில்லாமல் ஊரைவிட்டு வெளியேறினர். காலையில் வெள்ளைக்கார முதலாளிகள் எழுந்து பார்த்தால் அடுப்பு மூட்டக்கூட ஆள் இல்லை. கூலி உயர்வு கேட்டு நடந்த இந்த வேலைநிறுத்தத்துக்கு முன்னின்றவர்கள் சும்சுமா என்னும் படகுத் தலைவரும் ராமி என்னும் காவல் அதிகாரியும் ஆவர். வேலைநிறுத்தம் விரைவில் முறியடிக்கப்பட்டது. தலைவர்கள் சிறை சென்றனர். ஆயினும் அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அது மறக்கப்படவில்லை.

இனி எரிமலையின் கதைக்கு வருவோம். 1937 மே மாதம் 28ஆம் நாள் ரபவுலில் நிலம் அதிரத் தொடங்கியது. கரையோரத்தில் கடலடித் தரை உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு மேலே தெரிந்தன. இவையெல்லாம் எச்சரிக்கைகள். ஆனால் அவற்றைப் படித்துச் சொல்ல அங்கே ஆளில்லை. மறுநாள் மாலை வல்கன் வெடித்தது. அடுத்த நாள் தவூர்வூரும் சேர்ந்துகொண்டது. 507 பேர் மாண்டனர். அதுவரை தாழ்ந்த தீவாக இருந்த வல்கன், சில நாட்களில் மலையாக வளர்ந்து கரையோடு ஒட்டிக்கொண்டது.

இந்தத் துயரத்துக்குப் பிறகே எரிமலையைக் கண்காணிக்கும் நிலையம் அங்கே அமைந்தது. பிறகு போர் வந்தது. 1942 சனவரியில் சப்பானியர் ரபவுலைக் கைப்பற்றி, மலைகளைக் குடைந்து சுரங்கங்கள் வெட்டி, பெரும் படைத்தளமாக்கினர். அந்த ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சிறைப்பட்ட இந்தியப் போர்வீரர்களில் ஆயிரக்கணக்கானோரும் கப்பலேற்றப்பட்டு, இந்தத் தொலைதூரத் தீவில் கடுமையான வேலைக்கு ஆளாயினர். பலர் திரும்பவே இல்லை. அவர்களின் கல்லறைகள் ரபவுலுக்கு அருகே பீட்டாப்பாக்காவில் உள்ளன. குண்டுவீச்சில் தரைமட்டமான ஊர், போருக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. அப்படிப்பட்ட துறைமுகத்தை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை.

1983இல் நிலம் மறுபடியும் அதிர்ந்தது. மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் சிறு அதிர்வுகள். அதிகாரிகள் அபாய அறிவிப்பு விடுத்தனர். எந்த ஊரார் எந்தச் சாலையில் போக வேண்டும், எங்கே கூட வேண்டும் என்று திட்டம் வகுத்து, ஒத்திகையும் நடத்தினர். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. எரிமலை வெடிக்கவில்லை. வீண் பயம் காட்டிவிட்டார்கள் என்று எண்ணியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கேளுங்கள்.

1994 செப்டம்பர் 18, விடியற்காலை மூன்று மணி அளவில் கடும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதிர்ச்சி ஓயவே இல்லை. 1937ஐக் கண்ணால் கண்ட முதியவர்கள் இன்னும் சிலர் இருந்தனர். அன்றும் இப்படித்தான் தொடங்கியது என்பது அவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்கோ பத்தாண்டுக்கு முன் செய்த ஒத்திகை நினைவில் இருந்தது. வெளியேறும்படி அரசாங்க ஆணை வந்தது மாலையில்தான். அதற்குள்ளாகவே மக்கள் பிள்ளைகுட்டிகளுடன் நடந்தும் லாரி ஏறியும் கிளம்பத் தொடங்கிவிட்டனர். இரவோடு இரவாக ஊர் காலியாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தவூர்வூர் வெடித்தது. ஒரு மணி நேரம் சற்றுக் கடந்ததும் வல்கனும் வெடித்தது. முதல் அதிர்ச்சிக்கும் வெடிப்புக்கும் இடையில் கிடைத்த அவகாசம் 27 மணி நேரமே. சாம்பல் கூரைகளின் மேல் குவிந்தது. மழையில் நனைந்த சாம்பல் ஈரச் சிமெண்டுபோல் கனக்கும். கூரைகள் வரிசை வரிசையாக இடிந்தன. ஊரின் பெரும்பகுதி புதைந்தது. ஆனால் வெடிப்பில் இறந்தவர்கள் ஐந்தே பேர். பெரும்பாலோர் கூரை சரிந்தும், ஒருவர் சாம்பல் மேகத்தின் மின்னல் தாக்கியும் இறந்தனர். 1937இல் 507; 1994இல் 5. ஊரோ முன்னைவிடப் பெரியது, வெடிப்பும் சிறியதன்று.

வீடுவாசல் இழந்த பல்லாயிரம் பேருக்குப் பின்னர் வந்த ஆண்டுகள் எளிதாக இல்லை. மாநிலத் தலைமையகமும் விமான நிலையமும் கடற்கரையோரமாகத் தள்ளியுள்ள கோகோப்போ பக்கம் மாறிவிட்டன. பலர் புதிய இடங்களில் குடியேறினர். சிலர் திரும்பி வந்து சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு வாழத் தொடங்கினர். துறைமுகம் தொடர்ந்து இயங்குகிறது. தவூர்வூரும் ஓயவில்லை, 2014 ஆகஸ்டிலும் அது வெடித்தது.

நேயர்களே, எரிமலை நமக்கு இல்லை. ஆனால் ஆற்று வெள்ளம் உண்டு, மண்சரிவு உண்டு. எந்த ஆண்டு வெள்ளம் எந்தப் படிவரை ஏறியது, எந்த மேட்டில் ஏறித் தப்பினோம் என்பது உங்கள் வீட்டுப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ தெரிந்திருக்கும். அவர்களிடம் கேளுங்கள், பிள்ளைகளையும் கேட்க வையுங்கள். தப்பும் வழியை ஒருமுறை எல்லோரும் சேர்ந்து நடந்து பாருங்கள். ஆபத்து வராமலே போனாலும் அந்த நடை வீணாகாது. ரபவுல் மக்கள் 1983இல் நடந்து பழகிய வழியில்தான் 1994இல் உயிர் தப்பினார்கள்.