கரிசல் தடம் – 7: கழுகுமலையில் கடைசி வகுப்பு

தமிழ் படிப்பதற்கென்றே கடல் கடந்து மதுரைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 1961-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியன் ஸ்டடீஸ் மதுரையில் தமிழ் வகுப்பு நடத்திவருகிறது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் முன் எங்கே போகலாம் என்று அப்படி வந்தவர்கள் கேட்டால், நான் கொடைக்கானலைச் சொல்வதில்லை. சிவகாசி வழியாகக் கழுகுமலைக்குப் போங்கள் என்பேன். இந்த முறை கேட்ட இரண்டு மாணவிகளோடு நானும் கிளம்பிவிட்டேன்.

சிவகாசியைத் தாண்டி வெம்பக்கோட்டைச் சாலையில் போனால், கரிசல் காட்டுக்குள் பட்டாசு ஆலைகள் தென்படும். சிறு சிறு அறைகளை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. இந்தத் தொழிலின் தொடக்கமும் ஒரு படிப்புப் பயணம்தான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். மழையை நம்பிப் பிழைக்க முடியாத ஊருக்கு அவர்கள் கொண்டுவந்த கல்வி வேலை கொடுத்தது.

வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் விஜயகரிசல்குளம். 2022 முதல் மாநிலத் தொல்லியல் துறை இங்கே தோண்டத் தோண்ட, சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் சுடுமண் உருவங்களும் வெளிவந்தன. வெறுங்காடு என்று நாம் நினைத்த இடத்தில் பழங்காலத்திலேயே கைவினைஞர்கள் குடியிருந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து திருவேங்கடம் வழியாகக் கழுகுமலை. இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்தாலும், மண்ணும் வெயிலும் தீப்பெட்டித் தொழிலும் சிவகாசி வட்டாரத்துக்கும் இதற்கும் பொதுவானவை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி குடைவரைக் கோயில். மேலே ஏறினால், பாறை முகப்பில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஐந்தலை நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி படர நிற்கும் பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா என்று நூற்றுக்கு மேற்பட்ட புடைப்புச் சிற்பங்கள். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்ற குறிப்பு. பாண்டியர் காலத்து எழுத்து அது. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியது.

மாணவிகளில் ஒருத்தி கேட்டாள்: “அண்ணே, இதுல பொம்பளைங்க பேரும் இருக்கா?”

“இருக்கும்மா. பாடம் சொல்லிக் கொடுத்த அம்மாக்களே இருக்காங்க.”

குரத்தியர் என்று அந்தச் சமண ஆசிரியைகளைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் என்று குருவின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருப்பதால், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு போல இருக்கிறது இந்தப் பாறை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலையான திருச்சாரணத்திலிருந்து வந்த குரத்தியரும் அதில் உண்டு. தச்சரும் குயவரும் சிற்பம் செய்வித்திருக்கிறார்கள். சித்தாந்தம் உரைப்பவர்களுக்குச் சோறு கிடைக்க ஏற்பாடு செய்த செய்தியும் இங்கே இருக்கிறது. படிப்பு நடக்க வேண்டுமானால் முதலில் பசி தீர வேண்டும் என்பதை மதிய உணவு தந்த விருதுநகர்க்காரருக்கு முன்பே இந்தக் கரிசல் அறிந்திருந்தது.

சிற்பங்களுக்குச் சற்றுத் தள்ளி வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டில், பாறையைச் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரம் முழுமை பெற்றுவிட்டது. அடிப்பகுதி பாதியில் நிற்கிறது. வேலை ஏன் நின்றது என்பதைவிட, நின்றதால் கிடைத்தது பெரிது. முடிந்த கோயில் அழகை மட்டும் காட்டும். இது சிற்பி எங்கே தொடங்கினார், எந்த வரிசையில் இறங்கினார் என்று தொழிலையே கற்றுத்தருகிறது. மாணவிகள் அதன் முன் உட்கார்ந்து நெடுநேரம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு நம் பிள்ளைகளின் நினைவு வந்தது. விடியும் முன் வேனில் ஏறிப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அவர்கள். தங்கள் மண்ணைப் பற்றிச் செய்தித்தாளில் அவர்கள் படிப்பதெல்லாம் தீபாவளி விற்பனையும் வெடிவிபத்தும்தான். விருதுநகர் மாவட்டத்துக் குறண்டியில் ஒரு பெரிய சமணப் பள்ளி இருந்தது, அதன் ஆசிரியர்களின் பெயர்கள் மதுரைச் சமணர் மலைவரை பொறிக்கப்பட்டிருக்கின்றன என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே நம் வட்டாரத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றதும் ஊட்டிக்குப் பஸ் பேசுவதற்கு முன், ஒருநாள் கழுகுமலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாறை சுடுவதற்குள், காலையிலேயே ஏறிவிடுங்கள். வட்டெழுத்து படிக்கத் தெரிந்த ஒருவரையும் உடன் கூட்டிச் செல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் தேடி வந்து பார்த்த மலை, ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. படித்தவர்களின் ஊர்தான் நம் ஊரும் என்பதை அவர்கள் கல்லைத் தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த வாரம்: குறண்டி.

(தொடரும்)